வண்டிக்கு அபராதச் சீட்டு வந்தால் அச்சமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்

மலைக் காய்கறி பயிரிடும் உழவர்களுக்கு அறுவடையுடன் வேலை முடிந்துவிடுவதில்லை. மன்னவனூர், பூம்பாறை, கிளாவரை பகுதிகளில் விளையும் கேரட், உருளைக்கிழங்கு, பீன்ஸ், பூண்டு ஆகியவையும், தாண்டிக்குடி, பண்ணைக்காடு பகுதிகளின் மலைவாழை, காப்பி, மிளகு ஆகியவையும் மலைப்பாதை வழியாக இறங்கித்தான் ஒட்டன்சத்திரம், வத்தலக்குண்டு, திண்டுக்கல், மதுரைச் சந்தைகளை அடைய வேண்டும். சிறு உழவர் பலர் சொந்தமாகவோ கூட்டாகவோ ஒரு சிறு சரக்கு வண்டி வைத்துள்ளனர். வழியில் வண்டியை நிறுத்தி அபராதச் சீட்டு எழுதப்பட்டால், அந்த நடையின் ஆதாயம் முழுவதும் போய்விடுவதுண்டு.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 2019இல் திருத்தப்பட்டது. உயர்த்தப்பட்ட அபராதங்கள் தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. தலைக்கவசம் அணியாவிட்டால் 1,000 ரூபாய், காப்பீடு இல்லாவிட்டால் முதல் முறை 2,000 ரூபாய், ஓட்டுநர் உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் என்பன அவற்றுள் சில. அதிக பாரம் ஏற்றினால் 20,000 ரூபாயும், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் உண்டு. கூடுதல் பாரத்தை இறக்காமல் வண்டியை மேலே செல்ல விடமாட்டார்கள்.

இவ்வளவு தொகை என்றதும் சிலர் பயந்து உடனே கட்டிவிடுகின்றனர். சிலர் சீட்டை மடித்து வைத்து மறந்துவிடுகின்றனர். இரண்டும் எப்போதும் சரியாகாது. அபராதச் சீட்டு என்பது குற்றச்சாட்டே, தீர்ப்பு அன்று. அதைத் தீர்க்க நான்கு வழிகள் உள்ளன.

சீட்டில் பார்க்க வேண்டியவை

முதலில் வண்டி எண், நாள், நேரம், இடம், சட்டப் பிரிவு ஆகிய ஐந்தையும் படிக்க வேண்டும். வண்டி எண்ணில் ஓர் எழுத்து மாறினாலும் அடுத்தவர் குற்றம் நம் தலையில் விழும். பணம் கட்டவோ மறுக்கவோ சீட்டில் தந்துள்ள கெடுவைக் குறித்துக்கொள்ள வேண்டும். எந்த எல்லையில் குற்றம் நடந்ததாகச் சொல்லப்படுகிறதோ, பொதுவாக அந்த எல்லைக்கு உரிய நீதிமன்றமே வழக்கை விசாரிக்கும். கொடைக்கானல், பழநி, நிலக்கோட்டை ஆகிய ஊர்களில் நீதிமன்றங்கள் உள்ளன. மலையில் குடியிருப்பவருக்கு அடிவாரத்தில் சீட்டு எழுதப்பட்டிருந்தால் அடிவார நீதிமன்றத்துக்கே போக வேண்டி வரும்.

முதல் வழி: ஆவணம் காட்டுதல்

உரிமம், காப்பீடு எல்லாம் முறையாக இருந்தும் கையில் இல்லாததால் சீட்டு எழுதப்படுவது உண்டு. மத்திய மோட்டார் வாகன விதி 139இன்படி, ஆவணம் கேட்கப்பட்ட நாளிலிருந்து 15 நாட்களுக்குள் சான்றொப்பமிட்ட நகலை நேரில் காட்டலாம். அல்லது கேட்ட அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். டிஜிலாக்கர், எம்-பரிவாகன் செயலிகளில் உள்ள ஆவணங்களும் செல்லும். மலையில் செல்போன் சிக்னல் கிடைக்காத இடங்கள் பல இருப்பதால், வண்டியில் காகித நகல் ஒன்றும் வைத்திருப்பது நல்லது.

இரண்டாம் வழி: இணக்கக் கட்டணம்

சட்டத்தின் 200ஆம் பிரிவின்படி, பல குற்றங்களுக்கு அதிகாரியிடமே கட்டணம் செலுத்தி, நீதிமன்றம் போகாமல் தீர்த்துக்கொள்ளலாம். குற்றம் உண்மை, தொகையும் சிறிது என்றால் இதுவே எளிய வழி. ஆனால் 2019 திருத்தத்திற்குப் பிறகு, இப்படிப் பணம் கட்டித் தீர்த்த குற்றமும் முதல் குற்றமாகக் கணக்கில் வரும். அதே குற்றம் மீண்டும் நடந்தால் இரண்டாம் முறைக்குரிய அபராதம் விதிக்கப்படலாம். ஆகவே, செய்யாத குற்றத்துக்குத் தொல்லை வேண்டாமென்று பணம் கட்டுவது சரியன்று.

குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கை இம்முறையில் தீர்க்க முடியாது. வயது வராத பிள்ளையிடம் வண்டியைக் கொடுத்த வழக்கும் அப்படியே. அதில் பெற்றோருக்கு அல்லது வண்டி உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. தோட்டத்திலிருந்து சந்தைக்குத்தானே என்று பையனிடம் வண்டிச் சாவியைத் தரக்கூடாது.

மூன்றாம் வழி: நீதிமன்றம்

நீதிமன்றத்திலிருந்து அழைப்பாணை வந்தால் நேரிலோ வழக்கறிஞர் மூலமோ ஆஜராகலாம். சிறு குற்றமாயின் சட்டத்தின் 208ஆம் பிரிவு ஒரு வசதி தருகிறது. விசாரணை நாளுக்கு முன், அழைப்பாணையில் குறித்த கெடுவுக்குள், குற்றத்தை ஒப்புக்கொள்வதாக மணியார்டர் கூப்பனிலேயே எழுதி, நீதிமன்றம் குறித்த தொகையை அனுப்பினால் வழக்கு முடிந்துவிடும். இப்படி ஒப்புக்கொண்ட காரணத்தால் ஓட்டுநர் உரிமத்திற்குத் தகுதியிழப்பும் வராது. ஒரு நாள் கூலியும் பேருந்துச் செலவும் மிச்சமாகும்.

நேரில் சென்று ஒப்புக்கொள்பவர் தம் நிலையை நடுவரிடம் எடுத்துச் சொல்லலாம். எனினும் சட்டமே ஒரே தொகையை நிர்ணயித்துள்ள குற்றங்களில் குறைப்பதற்கு அதிக இடமில்லை என்பதை உணர வேண்டும்.

குற்றமே செய்யவில்லை என்றால் மறுக்கலாம். அப்போது குற்றத்தை மெய்ப்பிக்க வேண்டியது காவல் துறையின் பொறுப்பு. எடை மேடைச் சீட்டு, சந்தை ரசீது, நாளும் நேரமும் காட்டும் புகைப்படம் ஆகியவை உழவருக்குத் துணை நிற்கும். வாய்தா சிலமுறை தள்ளிப்போகலாம். 500 ரூபாய்ச் சீட்டுக்காக நான்கு முறை மலையிறங்குவது நட்டமே. 20,000 ரூபாய் பாரக் குற்றச்சாட்டு தவறு என்று காட்டச் சான்று இருந்தால் அலைவதில் பொருள் உண்டு.

நான்காம் வழி: மக்கள் நீதிமன்றம்

1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி மக்கள் நீதிமன்றங்கள் நடைபெறுகின்றன. இணக்கமாகத் தீர்க்கத்தக்க வழக்குகளே இங்கு எடுக்கப்படும். கட்டணம் இல்லை, ஒரே அமர்வில் முடியும். ஆனால் இங்கு ஏற்ற முடிவின்மேல் மேல்முறையீடு கிடையாது. எனவே தொகையை நன்கு தெரிந்துகொண்ட பிறகே கையெழுத்திட வேண்டும். அடுத்த அமர்வு எப்போது, தம் வழக்கு எடுக்கப்படுமா என்பதை வட்டச் சட்டப் பணிகள் குழுவிடம் கேட்டறியலாம். பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள் ஆகியோர் வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞர் உதவி பெறலாம். குறிப்பிட்ட வருமான வரம்புக்குள் உள்ள பிறருக்கும் இவ்வுதவி உண்டு. தொலைபேசி எண் 15100.

வண்டியைப் பிடித்து வைத்தால்

ஓட்டுநர் உரிமத்தை அதிகாரி எடுத்துக்கொண்டால் ஒப்புகைச் சீட்டு கேட்டுப் பெற வேண்டும். உரிமம் திரும்பும் வரை அதைக் கொண்டே வண்டி ஓட்டலாமா என்பது குற்றத்தைப் பொறுத்தது. வண்டியையே நிறுத்தி வைத்தால் முதலில் சரக்கை வேறு வண்டிக்கு மாற்ற வேண்டும். பீன்ஸும் கேரட்டும் வாய்தாவுக்குக் காத்திருக்கமாட்டா. பிறகு ஆவணங்களுடன் வண்டியை விடுவிக்க மனு தரலாம்.

வருமுன் காத்தல்

பதிவுச் சான்றிதழில் மொத்த எடை, வெற்று எடை என இரண்டு எண்கள் இருக்கும். முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் ஏற்றத்தக்க பாரம் தெரியும். எடுத்துக்காட்டாக, மொத்த எடை 2,500 கிலோவும் வெற்று எடை 1,500 கிலோவும் என்றால் 1,000 கிலோ ஏற்றலாம். ஓட்டுநர் எடையும் இதில் அடங்கும். 60 கிலோ மூட்டை 25 ஏற்றினால் 1,500 கிலோ ஆகிவிடும். இரண்டாவது நடைக்கு ஆகும் டீசல் செலவு அபராதத்தைவிடக் குறைவே. மலைப்பாதை வளைவுகளில் பிரேக் பிடிப்பதற்கும் அதுவே பாதுகாப்பு.

பாக்கி அபராதம் நிற்கும் வண்டிக்குத் தகுதிச் சான்று, பெயர் மாற்றம் போன்ற வேலைகள் தடைபடக்கூடும். ஆகவே வண்டிப் பதிவில் தம் சரியான செல்போன் எண் உள்ளதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அபராதம் என்று சொல்லி வாட்ஸ்அப்பில் வரும் இணைப்புகளைத் தொடக்கூடாது. அவற்றில் மோசடிகள் பல. அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்துச் சரிபார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும்.

சீட்டு கைக்கு வந்த அன்றே அதைப் படித்து, குற்றம் உண்மையா, தொகை எவ்வளவு, கெடு எது என்ற மூன்றையும் பார்த்து வழியைத் தேர்ந்துகொண்டால், உழவர்கள் வீண் செலவையும் வீண் அலைச்சலையும் தவிர்க்கலாம்.