வெள்ளைப் புடவையும் மூடுபனியும்



மலருக்குக் கட்டுரை கேட்டபோது, "டிரான்ஸ்பார்மர் பற்றி எழுதுடா" என்றார்கள் வகுப்புத் தோழர்கள். டிரான்ஸ்பார்மர் பற்றி செமஸ்டருக்குச் செமஸ்டர் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன், அரியரும் வைத்திருக்கிறேன்! அதனால் எனக்கு உண்மையிலேயே தெரிந்த சப்ஜெக்ட்டை எடுத்துக்கொண்டேன். பேய்ப் படம்.

குன்னூர் பக்கத்தில் ஒரு எஸ்டேட் லைனில் பிறந்து வளர்ந்தவன் நான். எங்கள் லைனில் ஒரு வெள்ளைப் புடவைப் பேய்க் கதை உண்டு. அந்தப் பேயை உருவாக்கியவனே நான்தான்! அதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் சில படங்களையும், அதில் நம்மைப் பயமுறுத்திய நடிகைகளையும் பார்த்துவிடுவோம்.

பனி நமக்கு இலவசம்

ஸ்டுடியோவில் பனிமூட்டம் வேண்டுமென்றால் டிரை ஐஸ் வாங்க வேண்டும். அது மைனஸ் 78 டிகிரியில் உறைந்த கார்பன் டை ஆக்சைடு. வெந்நீரில் போட்டால் வெண்புகை கிளம்பும். காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தவழும். 1973-ல் வந்த 'தி எக்ஸார்சிஸ்ட்' படத்துக்கு இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பேய் பிடித்த சிறுமி படுத்திருக்கும் அறையில் எல்லோருக்கும் வாயிலிருந்து ஆவி வர வேண்டும் என்பதற்காக அந்த செட்டையே பெரிய ஏ.சி. மிஷின் வைத்து உறைய வைத்தார்கள். நம்ம ஊரில் ஜனவரி மாதம் காலை ஏழு மணிக்கு பஸ் ஸ்டாப்பில் நின்றால் அந்த எபெக்ட் காசில்லாமல் கிடைக்கும்!

பனி ஏன் பயமுறுத்துகிறது? ஒரு பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைக் கண் கணிக்கும் வழிகளில் ஒன்று, அது எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்பது. பனித்துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால் பக்கத்தில் இருப்பதுகூட மங்கித் தெரியும். மங்கலாக இருப்பதால் மூளை அதைத் தூரம் என்று நினைக்கும். தூரத்தில் இருந்தும் இவ்வளவு பெரிதா என்று தோன்றும். அதனால்தான் பனியில் எதிரே வரும் ஆள் ஆறடிக்கு மேல் தெரிகிறான்.

ஊட்டியைத் தேடி சினிமாக்காரர்கள் வருவது டூயட்டுக்கு மட்டுமல்ல. 2002-ல் விக்ரம் பட் இயக்கிய 'ராஸ்' என்ற இந்திப் படம் ஊட்டியில்தான் நடக்கிறது. மனம் கசந்துபோன ஒரு தம்பதி, மறுபடி ஒன்றுசேரலாம் என்று இங்கே ஒரு வீட்டுக்கு வருகிறார்கள். மனைவியாக பிபாஷா பாசு. காட்டிலிருந்து ஒரு பெண்ணின் அலறல் அவர் காதுக்கு மட்டும் கேட்கிறது. கடைசியில் பார்த்தால், கணவன் பழகிக் கைவிட்ட பெண்தான் அந்த ஆவி. அவள் உயிர் போன கதையையே மூடிப் புதைத்திருக்கிறார்கள். பயந்த பெண்ணும், பயமுறுத்திய பெண்ணும் ஒரே ஆளால் ஏமாற்றப்பட்டவர்கள். இந்த இடத்தைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

பேயே இல்லாத படம்

நம் மலையில் எடுத்த பயங்களில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது 1980-ல் பாலு மகேந்திரா இயக்கிய 'மூடுபனி'. இதில் பேய் கிடையாது. மனநிலை பிறழ்ந்த ஓர் இளைஞன், பிரதாப் போத்தன். அவன் ஒரு பெண்ணைக் கடத்திவந்து ஊட்டி வீட்டில் அடைத்து வைக்கிறான். அந்தப் பெண்ணாக ஷோபா.

அவன் அவளை அடிக்கவில்லை. கிடாரை எடுத்து 'என் இனிய பொன் நிலாவே' பாடுகிறான். இளையராஜாவுக்கு இது நூறாவது படம். இன்றைக்கும் அந்தப் பாட்டைக் காதல் பாட்டு என்று நாம் ஸ்டேட்டஸ் வைக்கிறோம். ஆனால் படத்தில் அந்த நேரம் ஷோபாவின் முகத்தைப் பாருங்கள். பாடுகிறவன் கொலைகாரன், கேட்கிறவள் கைதி! கத்தி அழாமல், கண்ணாலேயே கதவு எங்கே என்று தேடுகிற பயம் அது. 'பசி' படத்துக்காக 1979-ம் ஆண்டின் சிறந்த நடிகைக்கான தேசிய விருது பெற்றவர் அவர். 1980 மே மாதம், 17 வயதில் இறந்துவிட்டார். 'மூடுபனி' அதே வருடம் நவம்பரில்தான் திரைக்கு வந்தது. 

இந்தப் படத்துக்குத் தூண்டுதல்களில் ஒன்று ஹிட்ச்காக்கின் 'சைக்கோ', 1960. அதில் ஜேனட் லீ குளியலறையில் கொல்லப்படும் காட்சி முக்கால் நிமிடம்தான். எடுத்ததோ ஏழு நாள்! கருப்பு வெள்ளைப் படம் என்பதால் ரத்தத்துக்கு சாக்லேட் சிரப். கத்தி உடம்பில் இறங்குவதை நேராகக் காட்டாமல், வயலின்களின் கிறீச்சிடலையும் அவர் அலறலையும் வைத்தே நம்மை நடுங்க வைத்துவிட்டார்கள்.

வெள்ளைப் புடவை வந்த கதை

பேய்க்கு ஏன் வெள்ளைப் புடவை? ஒரு காரணம் டெக்னிக்கல். கருப்பு வெள்ளை பிலிமில் இருட்டுக்கு நடுவே பளிச்சென்று பிரிந்து தெரிவது வெள்ளைதான். இன்னொரு காரணம் நம் சமூகம். வெள்ளை, கணவனை இழந்தவளுக்கு நாம் கட்டிவிட்ட நிறம். எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்று ஒதுங்கியவர்களுக்கு, அவள் செத்தபின் வந்தால் பயம் வராதா?

1964-ல் இந்தியில் சாதனா நடித்த 'வோ கௌன் தீ', தமிழில் 1966-ல் ஜெயலலிதா நடித்து 'யார் நீ' ஆனது. நாயகன் ஜெய்சங்கர். சுசீலாவின் 'நானே வருவேன்' பாட்டைக் கேட்டு இன்றும் எங்கள் பாட்டி கதவைச் சாத்துவார். ஆனால் கடைசியில் அது பேயே இல்லை, சொத்துக்காகப் போட்ட சதி.

அதே 1964-ல் மலையாளத்தில் வந்தது 'பார்கவி நிலையம்'. கதை வைக்கம் முகமது பஷீர். நம் ஸ்ரீதர் படங்களுக்கு கேமரா பிடித்த ஏ. வின்சென்ட் முதன்முதலாக இயக்கிய படம். பேய் வீட்டுக்குக் குடிவரும் எழுத்தாளர் ஓடிப்போகவில்லை. அங்கே இருக்கும் பார்கவியிடம் பேச்சுக் கொடுக்கிறார், அவள் கதையை எழுதுகிறார். எழுத எழுதத்தான் தெரிகிறது, அவள் தற்கொலை செய்துகொண்டாள் என்று ஊர் சொன்னது பொய், அவளைக் கொன்றிருக்கிறார்கள் என்று. விஜய நிர்மலா நடித்த அந்தப் பேய்க்கு வேண்டியிருந்தது பலி அல்ல, காது கொடுத்துக் கேட்க ஓர் ஆள்.

ஒரு முகம், இரண்டு குரல்

'சந்திரமுகி' பார்க்காதவர்கள் நம் கல்லூரியில் இருக்க மாட்டார்கள். 2005-ல் பி. வாசு இயக்கியது. அமைதியான கங்கா, வெளியே போகக்கூடாது என்று கணவன் சொன்னதும் மெல்ல மெல்ல மாறி, கட்டிலை ஒற்றைக் கையால் தூக்கும் காட்சி! மேக்கப் மாறவில்லை, புடவை மாறவில்லை. ஜோதிகாவின் கண் மட்டும்தான் மாறியது.

இதன் மூலம், 1993-ல் பாசில் இயக்கிய 'மணிச்சித்ரத்தாழ்'. ஷோபனாவுக்கு தேசிய விருது வாங்கிக் கொடுத்தது. மலையாளப் படத்தில் நாகவல்லி தமிழ் பேசுகிறாள். தமிழ்ப் படத்தில் சந்திரமுகி தெலுங்கு பேசுகிறாள். எந்த ஊரிலும் பேய் பக்கத்து ஊர்க்காரிதான்! ஷோபனாவின் கங்காவுக்கு ஒருவர் குரல், நாகவல்லிக்கு இன்னொருவர் குரல். நாகவல்லிக்குக் குரல் கொடுத்தவர் துர்கா என்பதை இயக்குநர் பல வருடம் கழித்துத்தான் சொன்னார். 'எக்ஸார்சிஸ்ட்' படத்திலும் இதே வித்தைதான். சிறுமி லிண்டா பிளேரின் வாயிலிருந்து வந்த பிசாசுக் குரல் மெர்சிடிஸ் மெக்கேம்பிரிட்ஜ் என்ற மூத்த நடிகையுடையது. பயத்தில் பாதி காது வழியாகத்தான் நுழைகிறது.

பின்னால் வந்த இரண்டு படங்களைச் சொல்லாமல் விட முடியாது. 2009-ல் அறிவழகன் இயக்கிய 'ஈரம்'. சிந்து மேனனின் ஆவிக்கு உருவமே வேண்டியிருக்கவில்லை, தண்ணீர் போதும். சந்தேகப்பட்டுக் கொன்றவன் கணவன். அவள் மேல் பழி பேசிய அக்கம்பக்கத்தாரும் அதில் தண்டிக்கப்படுகிறார்கள். 2014-ல் மிஷ்கினின் 'பிசாசு'. விபத்தில் செத்த பெண், தன்னை மோதியவன் யார் என்று தெரிந்தும் அவனையே காப்பாற்றுகிறாள்.

எங்கள் லைன் பேய்

இப்போது என் கதை.

எட்டாவது படிக்கும்போது, மேல் லைனில் நண்பன் வீட்டில் ஒரு பேய்ப் படம் பார்த்துவிட்டு ராத்திரி தனியாகக் கீழே இறங்கினேன். செம பனி. தேயிலைக்கு நடுவில் திரும்பியதும், எதிரே ஏழடி உயரத்தில் வெள்ளையாக ஒன்று வந்தது! அலறினேன். அதுவும் அலறிக்கொண்டு சரிவில் விழுந்தது. நான் திரும்பிப் பார்க்காமல் ஓடினேன். விடிவதற்குள் லைன் முழுக்கப் பேய்க் கதை பரவிவிட்டது. எனக்குத் தாயத்தும் கட்டியாச்சு.

காலையில்தான் தெரிந்தது, பேக்டரியில் வேலை முடிந்து, சாரலுக்குத் தலையில் வெள்ளை பிளாஸ்டிக் ஷீட்டைப் போட்டுக்கொண்டு வந்த என் அத்தை அது. கணுக்கால் வீங்கிப் படுத்திருந்தார். ஒரு வாரம் வேலைக்குப் போகவில்லை, கூலியும் இல்லை.

"அத்தே, நீங்களும் பேய்னு நெனச்சுத்தானே கத்துனீங்க?" என்று கேட்டேன்.

"பேயா? இருபது வருசமா அந்த வழியில வாறேன், ஒரு பேயும் என்னைய மறிச்சதில்ல. கரடின்னா கைதட்டுவேன், காட்டெருமைன்னா ஒதுங்கி நிப்பேன். ஆம்பளச் சத்தம் கேட்டுச்சு தம்பி, அதான் விழுந்துட்டேன்" என்றார்.

எனக்கு வாயே வரவில்லை. தாயத்தைக் கழற்றிவிட்டேன்.

அதற்குப் பிறகு எந்தப் பேய்ப் படம் பார்த்தாலும் பேயைப் பார்த்துப் பயம் வருவதில்லை. இவளுக்கு முன்னால் என்ன நடந்தது என்றுதான் தேடுகிறேன். இத்தனை நடிகைகள் நடித்த இத்தனை பேய்களில் பெரும்பாலானவை, உயிரோடு இருந்தபோது ஏதோ ஒரு இருட்டில் பயந்தவைதான். செத்தபின் நாம் பயந்தால் அது இரண்டரை மணி நேரம். அவர்கள் பயந்தது தினமும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மாலை லேப் முடிந்து பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும் நம் தோழிகளை, பனி இறங்கிய நேரத்தில் மறைவிலிருந்து கத்திப் பயமுறுத்தும் விளையாட்டு நம்மிடம் உண்டு. யார் என்று கேட்காதீர்கள், முதலாம் ஆண்டில் நானும் சிரித்துக்கொண்டு நின்றவன்தான். அதை இந்த வருடத்தோடு விட்டுவிடுவோம். கேட்டிலிருந்து பஸ் ஸ்டாப் வரை எரியாமல் கிடக்கும் மூன்று விளக்குகளுக்கு நம் பேரவை மனு கொடுக்கட்டும். எலக்ட்ரிக்கல் பிரிவு நாங்கள் இத்தனை பேர் இருக்கிறோம், ஏணி பிடிக்க முதல் ஆளாக நான் வருகிறேன்.

பேய்கள் தியேட்டரில் இருக்கட்டும். நம் ரோட்டில் வெளிச்சம் இருக்கட்டும்!

— மூன்றாம் ஆண்டு, மின்னியல் பிரிவு