தும்புத்தடியை எடுக்குமுன்...

செவ்வரத்தை இலையில் குட்டிச் சிலந்தியொன்றைக் கண்டால் உடனே தும்புத்தடியைத் தேடாதீர்கள், சகோதரிகளே! கைத்தொலைபேசியில் கொழுவும் சிறிய மெக்ரோ லென்ஸ் இருந்தால் அதனூடாக ஒரு தடவை பாருங்கள். முன்னாலுள்ள இரு பெரிய கண்கள் உங்களையே உற்று நோக்கும்.

இது பாயும் சிலந்தி. உலகில் 6,000 இனங்களுக்கு மேல் உண்டு. பெரும்பாலானவை இரைக்காக வலை பின்னுவதில்லை. பூனைபோல் பதுங்கிச் சென்று பாய்கின்றன. உடலிலுள்ள திரவத்தை அழுத்தத்துடன் பின்னங்கால்களுக்குள் செலுத்தியே துள்ளுகின்றன. துள்ளுமுன் இலையில் ஒரு நூலை ஒட்டிவிடும். தவறினால் அதில் தொங்கிக்கொள்ளலாம். ஸுப்ஹானல்லாஹ்! நுளம்பும் இலையானும் அதற்கு உணவு. நமக்கு அதனால் ஆபத்தில்லை.

வெயில் ஏறுமுன் படமெடுங்கள். குளிரில் அது மெதுவாகவே அசையும். கெமராவை இலை மட்டத்துக்குத் தாழ்த்தி, கண்கள் தெளிவாகத் தெரியும்படி பிடியுங்கள். பத்துப் படத்தில் ஒன்றிரண்டு தேறினாலே பெரிய காரியம். சிலர் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மரத்துப்போகச் செய்து எடுப்பார்கள். ஒரு படத்துக்காக உயிரை வதைப்பதா? அது வேண்டாம்.

சிலந்தியென்றாலே அலறும் பிள்ளையிடம் படத்தைக் காட்டி, கண்களை எண்ணச் சொல்லுங்கள். நான்கு என்றுதான் சொல்லும். மற்ற நான்கும் தலையின் மேற்புறத்தில், பக்கங்களில் இருக்கின்றன. அதற்கு இன்னொரு படம் எடுக்க வேண்டும்!