மல்லாந்து படுத்தபடியே வாசிக்க முடியுமா? ப்ரிஸம் கண்ணாடி முதல் ஜன்னல் கம்பி வரை

தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் தினமும் இறங்கி மெப்ஸ் வளாகத்துக்கு ஓடுகிறவர்களில் பலர், அந்தப் பெயர் எப்படி வந்தது என்று யோசித்திருக்க மாட்டார்கள். 1928இல் டாக்டர் டேவிட் சௌரி முத்து காசநோயாளிகளுக்காக இங்கே ஆரம்பித்த சானடோரியம்தான் இன்றைய அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. (அதற்கு முன் இங்கிலாந்தில் மெண்டிப் ஹில்ஸ் பகுதியில் அவர் நடத்திய சானடோரியத்தில்தான் 1917இல் கணிதமேதை ராமானுஜன் சிகிச்சைக்குச் சேர்ந்தார்.) காசநோய்க்குச் சரியான மருந்து இல்லாத காலம் அது. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் படுக்கை என்பதுதான் வைத்தியம்.

அந்தப் படுக்கை வைத்தியத்துக்கு முடிவு கட்டியதும் நம் ஊர்தான். 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் வீட்டில் இருந்தே குணமாகலாம் என்று 1959இல் காட்டியது. ஆனால் படுத்தே கிடக்க வேண்டிய நிலை யாருக்கும் வராது என்று சொல்லிவிட முடியுமா? டிஸ்க் நழுவியவர், பைக்கிலிருந்து விழுந்து கால் எலும்பு முறிந்தவர், கர்ப்பகாலத்தில் டாக்டர் ‘பெட் ரெஸ்ட்’ எழுதிக் கொடுத்தவர், பக்கவாதம் வந்த அப்பா என்று பட்டியல் நீளும். இவர்களுக்குப் பொழுதுபோக இருக்கும் ஒரே வழி பல நேரம் வாசிப்புதான்.

சிக்கல் எங்கே இருக்கிறது? ஒரு ஸ்மார்ட்போன் சுமார் 200 கிராம், அதாவது ஒரு டம்ளர் தண்ணீர். அந்த டம்ளரை முகத்துக்கு நேர் மேலே அரை மணி நேரம் பிடித்துப் பாருங்கள், தோள் கெஞ்சும். கொஞ்சம் கண் அசந்தால் போன் டமால்னு மூக்கில் விழும். சரி, மூன்று தலையணையை அடுக்கி முகவாய் நெஞ்சில் இடிக்கிற மாதிரி படுத்தால்? கைக்குக் கிடைத்த ஓய்வுக்கு, கழுத்து விலை கொடுக்கும். தலையைப் பக்கத்துக்குக் கொண்டுபோகக் கூடாது, பக்கத்தைத்தான் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும்.

இதற்குச் சுலபமான சாதனம், வளையும் கழுத்துள்ள கிளாம்ப் ஸ்டாண்ட். குரோம்பேட்டை, செலையூர் பக்கத்து பி.ஜி. விடுதிகளின் இரும்புக் கட்டிலில் இது நன்றாகக் கவ்வும். தடிமனான தேக்குக் கட்டில் என்றால் கிளாம்ப் எவ்வளவு அகலம் திறக்கும் என்று பார்த்துவிட்டு வாங்க வேண்டும். பாயில் படுப்பவர்கள் ஜன்னல் கம்பியில் மாட்டலாம். ஒரு எச்சரிக்கை: மலிவான ஸ்டாண்டுகள் டேப்லெட் பாரம் தாங்காமல் மெல்லச் சாய்ந்துவிடும். அதனால் முகத்துக்கு நேராக வைக்காமல் நெஞ்சுக்கு மேலே வைத்து, திரையை முகம் நோக்கிச் சாய்ப்பது நல்லது. திரையைத் தொடும்போதெல்லாம் ஸ்டாண்ட் ஆடும். அதற்கும் வழி இருக்கிறது. இ-ரீடர்களுக்கு, ஓரத்தில் கிளிப்பாக மாட்டிக்கொண்டு பட்டனை அழுத்தினால் திரையைத் தட்டிப் பக்கம் திருப்பும் ரிமோட் கிடைக்கிறது. போன் என்றால் குரல் கட்டளையைப் பழகிக்கொள்ளலாம்.

அச்சுப் புத்தகத்தை விட மாட்டேன் என்பவர்களுக்கு ப்ரிஸம் கண்ணாடி. பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கும், ஆனால் இது விளையாட்டுப் பொருள் அல்ல. 1930களிலேயே இங்கிலாந்தில் எழுந்து உட்கார முடியாத நோயாளிகளுக்காகத் தயாரிக்கப்பட்டது. உள்ளே இருக்கும் ப்ரிஸம் பார்வைக் கோட்டை 90 டிகிரி திருப்பிவிடும். நீங்கள் மின்விசிறியைப் பார்த்தபடி படுத்திருப்பீர்கள், கண்ணில் தெரிவது வயிற்றின் மேல் நிமிர்த்தி வைத்த புத்தகம். எழுத்து தலைகீழாகவோ இடவலம் மாறியோ தெரியாது. ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. பவர் கண்ணாடிக்கு மேலேயே மாட்டும் மாடல்களும் உண்டு. குறை என்னவென்றால் மூக்கில் பாரம், பார்வைப் பரப்பும் குறுகல். முதல் பத்து நிமிஷம் தலை சுற்றுகிற மாதிரிகூட இருக்கலாம். இதை மாட்டிக்கொண்டு எழுந்து நடக்கவே கூடாது.

புத்தகத்தை நிமிர்த்தி நிறுத்த ஒரு தலையணை போதும், இல்லையென்றால் ‘கார்டியாக் டேபிள்’. ஆஸ்பத்திரியில் கட்டிலுக்கு மேல் தள்ளிக்கொண்டு வந்து சாப்பாடு வைப்பார்களே, அதுதான். சர்ஜிகல் கடைகளில் வாங்கலாம், பல கடைகளில் வாடகைக்கும் தருவார்கள். ஃபேன் காற்றில் பக்கம் புரளாமல் இருக்க இரண்டு துணி கிளிப். ‘பொன்னியின் செல்வ’னை ஒரே தடிப் புத்தகமாக வாங்குவதைவிட ஐந்து பாகமாக வாங்குவது படுக்கைக்கு உத்தமம்.

பலரும் மறப்பது வெளிச்சத்தை. மல்லாந்து படுத்துப் புத்தகத்தை மேலே பிடித்தால் கூரை விளக்கு புத்தகத்துக்குப் பின்னால் போய்விடும். பக்கம் இருட்டு, கண்ணில் கூச்சம். தலைமாட்டிலிருந்து வெளிச்சம் வர வேண்டும், அதற்கு ஒரு கிளிப் லேம்ப் போதும். அம்மா, அப்பாவுக்கு பைஃபோகல் இருந்தால் இன்னொரு சங்கடம்: வாசிக்கும் பவர் கண்ணாடியின் அடிப்பகுதியில் இருப்பதால், படுத்தபடி பார்க்க முகவாயைத் தூக்க வேண்டும். வாசிக்கும் பவர் மட்டும் உள்ள தனிக் கண்ணாடி செய்துகொடுத்தால் அந்தப் பாடு இல்லை.

கையையே அசைக்க முடியாதவர்களுக்கு? இரண்டாம் உலகப் போரில் காயமடைந்தவர்களுக்காக அமெரிக்காவில் புத்தகப் பக்கங்களை மைக்ரோஃபிலிமாக்கி, கூரையில் படமாகக் காட்டும் கருவி செய்தார்கள். இன்று சின்ன ப்ரொஜெக்டர் அதே வேலையைச் செய்கிறது, கூரை வெள்ளையாக இருந்தால் போதும். தமிழை உரக்கப் படிக்கும் வசதி ஆண்ட்ராய்டு போனிலேயே இருக்கிறது.

சட்டமும் இங்கே துணைக்கு வருகிறது, பலருக்கு இது தெரிவதில்லை. பார்வையற்றோருக்கான மராகேஷ் உடன்படிக்கை, உடல் குறைபாட்டால் புத்தகத்தைப் பிடிக்கவோ புரட்டவோ முடியாதவர்களையும் பயனாளிகளாகவே சேர்த்துக்கொள்கிறது. 2014இல் அதை உலகில் முதலில் ஏற்றுக்கொண்ட நாடு இந்தியா. 2016இல் தொடங்கப்பட்ட ‘சுகம்ய புஸ்தகாலயா’ என்ற ஆன்லைன் நூலகம் அச்சு நூல்களை வாசிக்க முடியாத மாற்றுத்திறனாளிகளுக்கானது. நிரந்தரமாகப் படுக்கையில் இருப்பவர் வீட்டில் இருந்தால், மாற்றுத்திறனாளி சான்றிதழை எடுத்து வைத்துக்கொண்டு உறுப்பினர் பதிவு பற்றி விசாரிக்கலாம்.