பழைய மரமும் இனிய நாதமும்

தென்காசி, குற்றாலம் வட்டாரத்து விவசாயிகளுக்குப் பலா மரம் புதியதன்று. குற்றாலநாதர் ஆலயத்தின் தல விருட்சமே குறும்பலா. பழமும் கொட்டையும் நமக்கு உணவு. தழை ஆட்டுக்குத் தீனி. வைரம் பாய்ந்த அடிமரம் கதவுக்கும் நிலைக்கும் உதவும். இவை யாவரும் அறிந்தவை. அதே அடிமரம் வீணையாகவும் ஆகும் என்பதையும், மரம் முதிர்ந்து உலர்ந்திருப்பதைப் பொறுத்தே அவ்வீணையின் நாதம் அமையும் என்பதையும் நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. மரத்தை விற்பவருக்கு இந்த அறிவு பயன் தரும் என்று கருதியே இதனை எழுதுகிறோம்.

தஞ்சாவூர் வீணை பலா மரத்தால் ஆவது. பண்ருட்டிப் பக்கத்துப் பலாவைத் தஞ்சை ஆசாரிகள் விரும்பி வாங்குவது வழக்கம். குடம், தண்டி முதலிய உறுப்புக்களைத் தனித்தனியே செய்து இணைப்பதும் உண்டு. ஒரே மரத்தில் முழுவதையும் குடைந்தெடுப்பதும் உண்டு. பின்னதற்கு ஏகாந்த வீணை என்று பெயர். மெழுகில் பதித்த 24 மெட்டுக்களும் 7 தந்திகளும் கொண்ட இக்கருவிக்கு 2013-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. இளமரத்தில் குடத்தைக் குடைந்தால் அது பின்னர் வெடிக்கும், தண்டி வளையும், மெட்டுக்கள் தம் நிலை தவறும். ஆதலால் ஆசாரிகள் முற்றிய மரத்தையே தேடுகின்றனர்.

நாகஸ்வரத்தில் இது இன்னும் தெளிவாக விளங்கும். கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் நாகஸ்வரம் செய்கிறார்கள். அதற்குப் புதுமரத்தை அவர்கள் நாடுவதில்லை. பழைய வீடுகளைப் பிரிக்கும்பொழுது கிடைக்கும், பல்லாண்டு கண்ட உத்தரங்களையும் தூண்களையுமே வாங்குகிறார்கள். நீண்ட குழலின் உள்துளை இம்மியளவு கோணினும் சுருதி கெடும் அல்லவா? டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) வாசித்துப் புகழ் சேர்த்த பாரி நாகஸ்வரம் இவ்வூர் ஆசாரியின் கைவண்ணமே. அவருடைய மாணவர்தான் நம் நெல்லைச் சீமையின் காருகுறிச்சி அருணாசலம் (1921–1964). நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

பழைய மரத்துக்கு இச்சிறப்பு எதனால் வந்தது? சாரல் காலத்தில் நம் வீட்டுக் கதவு நிலையில் இறுகிக்கொள்வதையும், கோடையில் தளர்ந்து கொடுப்பதையும் காண்கிறோம். மரம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி உப்புகிறது. ஈரம் நீங்கியதும் சுருங்குகிறது. ஈரத்தைப் பெரிதும் பற்றிக்கொள்வது ஹெமிசெல்லுலோஸ் என்னும் பொருள். பல்லாண்டுகளில் அது சிறிது சிறிதாகச் சிதைகிறது. அதனால் பழைய மரம் ஈரத்தைக் குறைவாகவே ஏற்கிறது. எடையும் சற்றுக் குறைகிறது. விறைப்போ பெரிதும் குறைவதில்லை. தந்திக் கருவியின் பலகை இலேசாகவும் விறைப்பாகவும் இருந்தால், தந்தியின் அதிர்வைத் தாராளமாக ஏற்றுக் காற்றுக்கு அளிக்கும். குழல் கருவிக்கோ உருத் திரியாமையே முதல் நன்மை. பச்சை மரத்தில் செய்த தறிச் சட்டம் நாளடைவில் கோணுவதை அறிந்த நெசவாளருக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

மேனாட்டுக் கிதார் வாத்தியத்திலும் இதே மோகத்தைக் காணலாம். 1833-இல் தொடங்கிய அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனி 1930-களில் செய்த கிதார்கள் இன்று புதியவற்றைவிடப் பன்மடங்கு விலை பெறுகின்றன. முகப்புப் பலகை ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரம்; உயர்ந்த வகைகளில் பின்பலகையும் பக்கங்களும் பிரேசில் நாட்டு ரோஸ்வுட். அம்மரம் அருகவே, 1969 முதல் அக்கம்பெனி தென்னிந்தியத் தோதகத்தியைக் கைக்கொண்டது. ஈட்டி என்று நாம் வழங்கும் நம் மலைத்தொடரின் மரம் இவ்வாறு கடல் கடந்து இசைத்துவருகிறது. அம்மரத்தைக் காப்பதற்கெனத் தமிழ்நாடு 1994-இல் தனிச்சட்டமே இயற்றியது. புது மரத்தைப் பிராணவாயு குறைந்த சூளையில் சுட்டுப் பழைய மரத்தின் குணத்தை வருவிக்கும் முறையையும் இப்பொழுது சிலர் கையாளுகின்றனர்.

நிற்க. பழையது அனைத்தும் உயர்ந்தது என்று முடிவு கட்டிவிடலாகாது. 2010-இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் ஒரு சோதனை நடைபெற்றது. தேர்ந்த பிடில் வித்துவான்கள் 21 பேர், கருவியை அடையாளம் காண இயலாதபடி கண்ணை மறைத்துக்கொண்டு ஆறு பிடில்களை வாசித்துப் பார்த்தனர். மூன்று புதியவை, மற்ற மூன்றும் ஸ்ட்ராடிவாரி, குவர்னேரி என்னும் பழம்பெரும் இத்தாலியச் சிற்பிகளின் பரம்பரைக் கருவிகள். பெரும்பாலோர் விரும்பித் தேர்ந்தது புதியதொன்றையே! ஆகவே, நல்ல மரமும் தக்க உலர்ச்சியும் தேர்ந்த கையும் கூடினாலன்றி வயது மட்டும் நாதத்தைத் தந்துவிடாது. பழைய கருவியின் விலையில் அருமைக்கும் பெயருக்கும் ஒரு பங்கு உண்டு என்பதையும் மறத்தல் கூடாது.

இதனால் நாம் கொள்ளவேண்டிய பாடம் யாது? பாட்டன் கட்டிய வீட்டைப் பிரிக்கும் குடும்பங்கள், அதன் உத்தரங்களை எடைபோட்டு விறகு விலைக்குத் தள்ளிவிடுகின்றன. வரப்போரத்து முதிர்ந்த பலாவும் நின்ற நிலையிலேயே, அடிச்சுற்றுக்கூட அளக்கப்படாமல், குத்துமதிப்பாக விலைபோகிறது. விற்றவருக்கும் நஷ்டம், நல்ல மரம் கிடைக்காத ஆசாரிக்கும் நஷ்டம். விற்குமுன் மரம் இன்னதென்று தச்சரைக் கொண்டு தெரிந்துகொள்க. அடிச்சுற்றையும் நீளத்தையும் அளந்து குறித்துக்கொள்க. நிற்கும் மரமாயின், வெட்டுவதற்கு அனுமதி வேண்டுமா என்று வனத்துறை அலுவலகத்தில் முதலில் விசாரித்தறிக.

உடனே விற்க அவசரமில்லாதவர், அறுத்த பலகைகளை நிழலில், தரையில் படாதவாறு, இடையிடையே குச்சி வைத்து அடுக்கி, முனைகளில் மெழுகோ வர்ணமோ பூசி வைத்தால் வெடிப்பு குறையும். அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது மேனாட்டுத் தச்சர் உலர்த்தும் கணக்கு. ஒரு மரம் வைத்திருப்பவர் தனியே பேரம் பேசுவதைவிட, பத்துப் பேர் சேர்ந்து ஆசாரிகளுக்கு எழுதிக் கேட்பது விலைக்கு நலம்.

வெட்டிய இடத்தில் ஒரு பலாக் கன்றையும் ஊன்றி வைப்போமாக. அதன் பழத்தை நாம் உண்போம். அதன் நாதத்தை நம் பேரர்கள் கேட்பார்கள்.