அழுத்தினாலும் சாகாத இலை

பினாங்கு மாநிலத்தின் செபராங் ஜெயா வீட்டு வாசல்களில் தொட்டியில் வளர்கிற ரணகள்ளி, கால்வாய்ச் சுவர் வெடிப்பிலும் வேர் பிடித்துவிடும். மலாய்க்காரர்கள் இதைச் செடிங்கின் என்பார்கள்; காய்ச்சலுக்கு இலையைக் கசக்கி நெற்றியில் பற்றுப் போடுவார்கள். பூர்வீகம் மடகாஸ்கர். பாறையிலும் காய்ந்த மண்ணிலும் பிழைக்கும் சதைப்பற்றுச் செடிகளான கிராசுலேசியே குடும்பத்தைச் சேர்ந்தது.

உலர் தாவரக் காப்பகத்துக்காகச் செடி சேர்ப்பவர்களை இந்தக் குடும்பம் படாதபாடு படுத்தும். மற்ற செடிகளைச் செய்தித்தாளுக்குள் வைத்து இறுகக் கட்டினால் சில நாளில் காய்ந்துவிடும். ரணகள்ளியோ கட்டுக்குள்ளேயே வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். இலை விளிம்பில் குட்டிச் செடிகள்கூட முளைக்கும். காப்பகங்களில் சதைப்பற்றுச் செடிகளின் நல்ல மாதிரிகள் குறைவாக இருப்பதற்கு இந்தத் தொல்லை முக்கியக் காரணம்.

இந்தப் பிடிவாதத்துக்குப் பின்னால் ஓர் அருமையான ஏற்பாடு இருக்கிறது. வெயிலில் நீர் ஆவியாகாதபடி இச்செடி பகலில் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கி, மாலிக் அமிலமாகச் சேமிக்கும். பொழுது விடிந்ததும் அதைச் செலவழித்துச் சர்க்கரை தயாரிக்கும். இதை நாக்கால் கண்டவர், தரங்கம்பாடிக்கு மிஷனரியாக வந்து பின்பு சென்னை அரசின் தாவரவியலாளரான பெஞ்சமின் ஹைன். காலையில் புளிக்கும் இலை நண்பகலில் சுவையற்றும் மாலையில் சற்றே கசந்தும் இருப்பதை அவர் லண்டனுக்கு எழுதினார். அது 1815-இல் அச்சானது. (அவரைப் போல மென்று பார்க்க வேண்டாம், இதயத்தைப் பாதிக்கும் நச்சுப் பொருள்கள் இச்செடியில் உண்டு.) ஹைன் உலர்த்திய செடிகளும், 1822-இல் தாவரவியலாளர் வாலிச் பினாங்கில் சேகரித்தவையும் இன்று லண்டனின் கியூ தோட்டத்தில் ஒரே தொகுப்பில் இருக்கின்றன.

சரி, எப்படித்தான் உலர்த்துவது? முதலில் செடியைக் கொல்ல வேண்டும். பூக்களை நனைக்காமல், தண்டையும் இலையையும் கொதிநீரில் சிறிது நேரம் முக்கியெடுக்க வேண்டும், சாராயத்திலும் ஊறவைக்கலாம். தடித்த தண்டை நீளவாக்கில் பிளந்து, தாளைத் தினமும் மாற்றி, இளஞ்சூட்டில் காயவைத்தால் பூஞ்சை பிடிக்காது. காய்ந்த பூவில் நிறம் நிற்காது. பறித்த அன்றே நிறத்தைக் குறித்துவிட வேண்டும்.

இடமும் தேதியும் எழுதாத மாதிரி வெறும் சருகுதான். எழுதியிருந்தால், வெளியிலிருந்து வந்த செடி எங்கே, எப்போது காடேறியது என்பதற்கு அது சாட்சி. செபராங் பிறை தமிழ்ப்பள்ளி அறிவியல் ஆசிரியர்களே, தொட்டியில் நட்டதை விடுங்கள். சுவர் வெடிப்பில் தானாக முளைத்ததை மாணவர்களோடு சேர்ந்து உலர்த்தி, தெருப்பெயரோடு ஒட்டி வையுங்கள்.