உங்களுக்குத் தெரியுமா? சட்டத்தைவிட மும்மடங்கு விரியும் படகுக் ‘கண்ணாடி’

பாய்மரப் படகின் உள்ளறைக்கு வெளிச்சமும் காற்றும் இறங்குவதற்காக மேல்தளத்தில் அமைக்கப்படும் திறப்பான ‘ஹேட்ச்’, பெரும்பாலும் கண்ணாடியால் அன்றி, அக்ரிலிக் என்னும் தெளிந்த பிளாஸ்டிக் பலகையால் மூடப்படுகிறது. வெப்பம் ஏறும்போது அப்பலகை, தன்னைத் தாங்கும் அலுமினியச் சட்டத்தைவிட ஏறத்தாழ 3 மடங்கு விரிவடைகிறது.

• 60 செ.மீ. நீளமுள்ள பலகை, வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால், சட்டத்தைவிட ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாகவே நீள்கிறது. ஆகவே தேய்ந்த பலகையை மாற்றுவோர் புதியதைச் சட்டத்தோடு இறுக்கிப் பொருத்தாமல், சுற்றிலும் சிறிது இடைவெளி விட்டு, இழுபட்டு மீளும் தன்மையுள்ள சிலிக்கோன் பசையால் அதை நிரப்புகின்றனர். பசையை மெல்லிய படலமாக நசுக்கிவிட்டால் அது இழுபட இடமின்றிப் பிய்ந்து, விளிம்பில் நீர் கசியத் தொடங்கும்.

• நல்ல எண்ணத்தோடு செய்யும் துப்புரவே பல பலகைகளைக் கெடுத்துவிடுவது வருந்தத்தக்கது: அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான், ஆல்கஹால், அசிட்டோன் ஆகியவை பட்டால் அக்ரிலிக்கின் மேற்பரப்பில் மயிரிழை போன்ற வெடிப்புகள் பரவி, ஒளி மங்கிவிடும். மென்மையான சோப்பும் நன்னீரும் போதும்.

• கீல், தாழ்ப்பாள் ஆகியவற்றின் துருப்பிடிக்காத எஃகுத் திருகுகள் உப்புநீர் பட்ட அலுமினியத்தைத் தொட்டிருந்தால், அவ்விரு உலோகங்களும் சேர்ந்து மின்கலமாகச் செயல்பட, அலுமினியம் அரிக்கப்பட்டு வெண்தூளாகிறது; அத்தூள் புரிகளில் அடைத்துக்கொள்வதாலேயே பழைய திருகுகள் அசைய மறுக்கின்றன.