நம் கைப்பழக்கத்துக்கு ஏற்ற கட்டளைத் திரை

கணினியில் கட்டளைத் திரையைத் திறந்தாலே பலருக்குத் தயக்கம் வந்துவிடுகிறது. சொடுக்கப் பொத்தான் இல்லை, படங்கள் இல்லை. கறுப்புத் திரையில் ஒரு சிறு குறி மட்டும் மினுக்கிக்கொண்டிருக்கும். இது கணினித் துறை மாணவர்களுக்கு உரியது என்று மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்கிறோம்.

நான் படிப்பது உயிரியல். மரபணுத் தரவுகளை ஆராயும் பாடத்தை எடுத்த பிறகு, வாரத்தில் நான்கைந்து நாள் எனக்கு அந்தத் திரையில்தான் வேலை. ஆயிரக்கணக்கான வரிகள் கொண்ட கோப்புகளைச் சுட்டியால் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க முடியாது. ஒரே கட்டளையில் தேடலாம், எண்ணலாம், பிரிக்கலாம். அப்படி அன்றாடம் புழங்கும் இடத்தை நம் வசதிக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

முதலில் ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்வோம். நாம் பார்க்கும் சன்னலின் பெயர் டெர்மினல். நாம் தட்டச்சு செய்வதைப் புரிந்துகொண்டு கணினியை வேலை வாங்கும் நிரலின் பெயர் ஷெல். எழுத்துரு, பின்னணி நிறம் போன்றவை டெர்மினலைச் சேர்ந்தவை. உண்மையான மாற்றங்களைச் செய்யும் இடம் ஷெல்.

மாணவர் எழுதிய ஷெல்

ஷெல்லுக்கு நீண்ட வரலாறு உண்டு. பெல் ஆய்வகத்தில் ஸ்டீஃபன் போர்ன் உருவாக்கிய ஷெல் 1979ல் யூனிக்ஸ் அமைப்புடன் வெளிவந்தது. அதன் வழியில் 1989ல் பிரையன் ஃபாக்ஸ் எழுதிய ‘பாஷ்’ வந்தது. அடுத்த ஆண்டே ‘ஸெட் ஷெல்’ பிறந்தது. அதை எழுதிய பால் ஃபால்ஸ்டட் அப்போது பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்! அங்கே கற்பித்தல் உதவியாளராக இருந்த ஜோங் ஷாவின் கணினிப் பயனர் பெயரையே தம் படைப்புக்கு அவர் வைத்துவிட்டார். 2019 முதல் மேக் கணினிகளில் இயல்பாக வருவது அந்த ஸெட் ஷெல்தான். பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் பாஷ் இருக்கும். விண்டோஸ் வைத்திருப்போர் அதற்குள்ளேயே லினக்ஸை நிறுவிப் பாஷைப் பயன்படுத்தலாம்.

பாஷும் ஸெட் ஷெல்லும் திறக்கும்போதெல்லாம் நம் பயனர் கோப்புறையில் உள்ள ஒரு தொடக்கக் கோப்பைப் படிக்கும். அதன் பெயர் புள்ளியில் தொடங்கும். அதனால் சாதாரணமாகப் பார்த்தால் கண்ணில் படாது. அந்தக் கோப்பில் நாம் எழுதும் ஒவ்வொரு வரியையும் ஷெல் வரிசையாக நிறைவேற்றும். மேக் கணினியில் அந்தக் கோப்பு இல்லாமலும் இருக்கலாம். அப்படியென்றால் நாமே உருவாக்கிக்கொள்ளலாம்.

கோப்பிக் கடைப் பாடம்

நம் ஊர்க் கோப்பிக் கடையில் யாரும் “பாலும் சர்க்கரையும் சேர்க்காத கறுப்புக் காப்பி ஒன்று வேண்டும்” என்று கேட்பதில்லை. “கோப்பி ஓ கோசோங்” என்றால் போதும். ஷெல்லில் இதைத்தான் ‘அலியாஸ்’ என்கிறார்கள், அதாவது மாற்றுப்பெயர். நீளமான கட்டளை ஒன்றுக்கு நாமே குறும்பெயர் வைக்கிறோம். பாடக் கோப்புறைக்குள் நுழைந்து, புதிய கோப்புகள் மேலே வரும்படி பட்டியலிடும் கட்டளைக்கு நான் மூன்றெழுத்துப் பெயர் வைத்திருக்கிறேன். ஒரு நாளில் இருபது முறையாவது அது கைகொடுக்கிறது.

மாற்றுப்பெயரைத் தமிழிலும் வைக்கலாம். ‘வீடு’ என்று தட்டினால் என் கணினி பயனர் கோப்புறைக்குத் திரும்பிவிடும். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய அஞ்சல் விசைமுறை மேக் கணினிகளில் ஏற்கெனவே இருப்பதால் தமிழில் தட்டுவதில் சிரமமில்லை. ஆனால் ஒரு குறை உண்டு. டெர்மினல் பொதுவாக எழுத்துகளைச் சம அளவுக் கட்டங்களில் அடுக்கும். ‘கொ’, ‘கௌ’ போல எழுத்தின் இருபுறமும் குறி வரும்போது பல டெர்மினல்களில் அவை சிதைந்து தெரிகின்றன. நம் மொழியைக் கட்டளைத் திரையில் ஒழுங்காகக் காட்டும் வேலை இன்னும் மிச்சமிருக்கிறது. கணினி படிக்கும் தமிழ் மாணவர்கள் இதைக் கவனிக்கலாமே!

அடுத்தது, கட்டளைக்கு முன்னால் தோன்றும் ‘பிராம்ப்ட்’. எந்தக் கணினியில், எந்தக் கோப்புறையில் இருக்கிறோம் என்பதை அது காட்டும். அழகுக்காக மட்டும் அதை மாற்ற வேண்டாம். பல மாணவர்கள் பகிர்ந்துகொள்ளும் சர்வர் ஒன்றில் நானும் வேலை செய்கிறேன். சொந்தக் கணினியின் சன்னலும் சர்வரின் சன்னலும் பார்க்க ஒரே மாதிரி இருந்தால், அழிக்கும் கட்டளையைத் தவறான இடத்தில் கொடுத்துவிடும் ஆபத்து உண்டு. அதனால் சர்வரில் என் பிராம்ப்ட் சிவப்பு, என் கணினியில் பச்சை.

மூன்றாவது, பழைய கட்டளைகளின் வரலாறு. பாஷ் இயல்பாக 500 கட்டளைகளை மட்டுமே நினைவில் வைத்திருக்கும். தொடக்கக் கோப்பில் அந்த எண்ணைக் கூட்டிவிடலாம். பிறகு கண்ட்ரோல் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, நினைவில் உள்ள ஒரு சொல்லைத் தட்டினால் போன மாதம் கொடுத்த கட்டளையும் திரும்பக் கிடைக்கும். ஆய்வு அறிக்கை எழுதும் நேரத்தில், எந்தப் படியை எப்படிச் செய்தோம் என்பதற்கு இதுவே குறிப்பேடு.

இரவல் கோப்பு வேண்டாம்

இணையத்தில் தேடினால் மற்றவர்களின் தொடக்கக் கோப்புகள் எத்தனையோ கிடைக்கும். ‘ஓ மை ஸெட்ஷெல்’ போன்ற தொகுப்புகளில் நூற்றுக்கணக்கான கூடுதல் வசதிகள் உண்டு. செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டால் நொடியில் எழுதிக் கொடுத்துவிடும். வேலை நெருக்கடியில் அப்படியே ஒட்டிவிடத்தான் தோன்றும்.

இங்கேதான் கவனம் தேவை. தொடக்கக் கோப்பில் உள்ள வரிகள், நமக்கு என்ன உரிமைகள் உண்டோ அதே உரிமைகளோடு ஒவ்வொரு முறையும் இயங்கும். நம் கோப்புகளைப் படிக்கவும் அழிக்கவும் அவற்றால் முடியும். புரியாத வரியைச் சேர்ப்பது, வீட்டுச் சாவியை முன்பின் தெரியாதவரிடம் கொடுப்பதற்குச் சமம். தேவையில்லாததை எல்லாம் சேர்த்தால் ஷெல் திறப்பதும் மெதுவாகும். நம் கோப்பைப் பிறருடன் பகிரும்போதும், அதில் கடவுச்சொல்லோ ரகசியக் குறியீடோ இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

இன்னொன்று. ‘ஆர்எம்’ என்ற அழிக்கும் கட்டளை கோப்பைக் குப்பைத் தொட்டிக்கு அனுப்பாது; நேராக அழித்துவிடும். அழிப்பதற்கு முன் ‘உறுதியா?’ என்று கேட்கும்படி அதே பெயரில் மாற்றுப்பெயர் வைப்போர் உண்டு. நல்ல யோசனையாகத் தெரியும். ஆனால் அந்தக் கேள்வியை நம்பியே பழகியவர், வேறொரு கணினியில் அதே கட்டளையைக் கொடுத்தால் கேள்வியே வராது. ‘கோப்பி ஓ கோசோங்’ என்று சென்னையில் கேட்டால் புரியாதல்லவா? நம் குறும்பெயர்களும் நம் கணினியோடு சரி. ஆகவே பழைய கட்டளையின் பொருளை மாற்றாமல், பாதுகாப்பான வழிக்குப் புதிய பெயர் வைப்பதே சிறந்தது. அடிப்படைக் கட்டளைகளை மறக்காமல் இருப்பதும் முக்கியம். தேர்வுக்கூடக் கணினியிலும் வேலைப்பயிற்சி இடத்திலும் நம் தொடக்கக் கோப்பு இருக்காது.

நான் கடைப்பிடிக்கும் விதி எளிது: ஒரு தேவை வந்தால் ஒரு வரி. அந்த வரிக்கு மேலே, அது எதற்கு என்று ஒரு குறிப்பு. மாற்றுவதற்கு முன் பழைய கோப்புக்கு ஒரு நகல். ஓராண்டாகியும் என் கோப்பில் நாற்பது வரிகள்கூட இல்லை. ஆனால் ஒவ்வொன்றும் ஏன் அங்கே இருக்கிறது என்று என்னால் சொல்ல முடியும்.

கட்டளைத் திரையைப் பயன்படுத்தும் நண்பர்கள் இந்த வாரம் ஒன்று செய்து பாருங்கள். ‘ஹிஸ்டரி’ என்று தட்டி, நீங்கள் திரும்பத் திரும்பக் கொடுத்திருக்கும் நீளமான கட்டளை எது என்று கண்டுபிடியுங்கள். அதற்கு மட்டும் ஒரு குறும்பெயர் வையுங்கள். அடுத்தது எது வேண்டும் என்பதை உங்கள் விரல்களே சொல்லும்.